சால்னா கவரும் சாம்பல் ஆறும்

ராயபுரம் கல்மண்டபத்து மாணவர்களுக்குப் பசுமை வாழ்வு பற்றி உபதேசம் செய்யுமுன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: அவர்களில் பலர் ஏற்கெனவே அப்படித்தான் வாழ்கிறார்கள். மாநகரப் பேருந்து, மின்சார ரயில், ஒரே மின்விசிறிக்கடியில் நாலு பேர். இதில் எதைக் குறைப்பது? அவர்கள் வாழும் வடசென்னையிலோ, அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலையாற்றில் படிந்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி ஆலை எண்ணெய் எண்ணூர் முகத்துவாரம்வரை பரவி, படகும் வலையும் கறுத்தன. 'நான் துணிப்பை தூக்கி என்ன ஆகப்போகிறது?' என்று ஒரு மாணவி கேட்டால், அது நியாயமான கேள்விதான்.

ஆனால் ராயபுரத்துக் குப்பை போய்ச் சேருமிடம் கொடுங்கையூர் குப்பைக் கிடங்கு, அதுவும் வடசென்னைதான். பரோட்டாவோடு ரப்பர் பேண்டு போட்டு வரும் சால்னா கவர், மிச்சச் சோற்றோடு ஒரே பையில் போனால் இரண்டுமே வீண். சோறு உரமாகாது, காற்றுப் புகாமல் அழுகி மீத்தேனாகும், கிடங்கில் தீப்பிடிக்க அதுவே தோது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிக்குத் தடை இருந்தும் கவர் நிற்கவில்லை. ஒரு தூக்குவாளி எடுத்துப்போனால் கடைக்காரர் முகம் சுளிக்கலாம், ஊற்றித்தான் தருவார். இது ஆலைகளுக்குப் பதில் ஆகாது என்பது உண்மையே. அதற்கு வேறு வழி இருக்கிறது: 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, பெரும்பாலான பெரிய திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் கட்டாயம், குறைந்தது 30 நாள் முன்னறிவிப்போடு. திட்டச் சுருக்கம் தமிழிலும் கிடைக்கும். வேதியியல் படிக்கும் பிள்ளை அதைத் தெருவுக்குப் படித்துச் சொல்லலாம், எழுத்தில் ஆட்சேபமும் கொடுக்கலாம்.