மகன் வெஸ்ற் கேட்டால்

"அம்மா, எனக்கொரு வெஸ்ற் வேணும். ஒன்லைன்ல பார்த்து வச்சிருக்கிறன்."

செக்யூரிட்டி வேலைக்குப் போகத் தொடங்கின பிள்ளை இருக்கிற வீட்டில் இந்தக் கேள்வி ஒருநாள் வரும். ஒன்ராறியோவில் 18 வயசு முடிந்தால் போதும்; 40 மணித்தியாலப் பயிற்சியும் ஒரு சோதனையும் முடித்து லைசென்ஸ் எடுக்கலாம். இரவு வேலை, கொன்டோ லொபியில் இருந்து படிக்கலாம் என்று சொல்லித்தான் பிள்ளை போகிறான். இரண்டாம் மாதம் அவனை ஒரு பிளாசாவுக்கோ ஷெல்ரருக்கோ மாற்றுவார்கள். அப்போதுதான் வெஸ்ற் கதை வரும். அதாவது குண்டு துளைக்காத அங்கி.

கேட்ட உடனே எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். அதற்கு நியாயம் இருக்கிறது. இன்று நாற்பதைத் தாண்டிய பெற்றோர் பலர் தொண்ணூறுகளில் ஸ்காபுறோவில் வளர்ந்தவர்கள். எந்த டோனற் கடைக்குப் போகலாம், எந்தப் பார்க்கிங் லொட்டில் நிற்கக்கூடாது என்று எங்கட அம்மா அப்பா கணக்கு வைத்திருந்த காலம் அது. வி.வி.ரி., ஏ.கே. கண்ணன் என்ற பெயர்களைச் சத்தம் போட்டுச் சொல்லமாட்டோம். 2001 ஒக்ரோபரில் பொலிஸ் ஒரேயடியாகப் பெருந்தொகையானோரைப் பிடித்த செய்தி தொலைக்காட்சியில் ஓடியபோது, 'எங்கட ஆக்களோ' என்று வெட்கமும் 'அப்பாடா' என்ற நிம்மதியும் சேர்ந்தே வந்தது. அந்த ஞாபகத்தோடு இருக்கிற ஒருவருக்கு, மகன் வெஸ்ற் கேட்பது வேறு ஏதோ கதை போலத்தான் கேட்கும்.

ஆனால் கேள்வியைக் கேள்வியாகவே எடுப்போம். முதலில் சட்டம்.

ஒன்ராறியோவில் ஒரு சாதாரண ஆள் இதை வாங்கலாம், வைத்திருக்கலாம், போடலாம். தடுக்கும் மாகாணச் சட்டம் இல்லை. இதை நம்பிப் பலர் முழுக் கனடாவும் இப்படித்தான் என்று நினைக்கிறார்கள், அது பிழை. பிரிட்டிஷ் கொலம்பியா, அல்பேர்ட்டா, மனிரோபா, நோவா ஸ்கோஷியா ஆகிய நான்கு மாகாணங்களில் தனிச் சட்டம் இருக்கிறது. சில தொழிலில் உள்ளவர்களுக்கும் வேறு சிலருக்கும் விலக்கு உண்டு. மற்றவர்கள் அனுமதி எடுக்கவேண்டும். ஸ்காபுறோவில் வாங்கின வெஸ்ற் கார் டிக்கியில் கிடக்க, பிள்ளை கல்கரிக்குப் படிக்கப் போனால், இங்கே குற்றமில்லாத சாமான் அங்கே குற்றமாகலாம். எல்லைக்கு அந்தப் பக்கம், எங்களுக்கு இரண்டு மணித்தியால ஓட்டத்தில் இருக்கிற பஃபலோவில் 2022 மே 14 அன்று ஒரு சுப்பர்மார்க்கெற்றில் பத்துப் பேரைக் கொன்றவன் கவசம் போட்டிருந்தான். கடைக் காவலாளி திருப்பிச் சுட்டார், குண்டு கவசத்தில் பட்டது, காவலாளி இறந்துபோனார். அடுத்த மாதமே நியூயோர்க் மாநிலம் பெரும்பாலான பொதுமக்களுக்கு இதை விற்பதைத் தடைசெய்தது. ஊரில் இருக்கிற மச்சானுக்குப் பார்சலில் போட்டு அனுப்பலாம் என்ற யோசனையும் வேண்டாம். கனடாவின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இது இருக்கிறது.

அடுத்தது, எந்த ஆபத்துக்கு? கடைக்காரன் இதைக் கேட்கமாட்டான், நாங்கள்தான் கேட்கவேண்டும். 'வெஸ்ற்' என்று ஒரு சொல்லில் சொல்கிறோமே தவிர அது ஒரு சாமான் இல்லை. கெவ்லர் போன்ற நாரில் நெய்த மென்மையான வெஸ்ற், கைத்துப்பாக்கிக் குண்டின் வேகத்தைப் பல அடுக்கு நாரில் பரப்பி நிறுத்தும். றைபிள் குண்டு அதற்குள்ளால் போய்விடும். றைபிளுக்கு செராமிக் அல்லது உருக்குத் தட்டு வேண்டும், அது கனம், எட்டு மணித்தியால ஷிப்ற்றில் போட்டு நிற்கிற சாமான் இல்லை. அமெரிக்காவின் தேசிய நீதி நிறுவனம், சுருக்கமாக என்.ஐ.ஜே., வைத்திருக்கிற தரம்தான் இங்கேயும் கடைகளில் புழங்குகிறது. பழைய பெயரில் 2, 3ஏ என்பவை கைத்துப்பாக்கிக்கு, 3, 4 என்பவை றைபிளுக்கு. 2023 இல் வந்த புதிய தரத்தில் கைத்துப்பாக்கி வகைக்கு எச்.ஜி. 1, எச்.ஜி. 2 என்றும் றைபிள் வகைக்கு ஆர்.எஃப். 1, 2, 3 என்றும் பெயர் மாறியிருக்கிறது. இரண்டு பெயரும் இன்னும் கொஞ்சக் காலம் சேர்ந்தே கிடக்கும், குழம்பவேண்டாம்.

இதில் பலருக்குத் தெரியாத சங்கதி கத்தி. குண்டை நிறுத்தும் வெஸ்ற் கத்தியையும் நிறுத்தும் என்று நம்பி வாங்குகிறார்கள். அப்படி இல்லை. கூர்முனை நாரை விலக்கிக்கொண்டு உள்ளே போகும். கத்திக்குத் தனித் தரம் இருக்கிறது, அதில் மூன்று நிலை; குத்தின் ஆற்றலை 24, 33, 43 ஜூல் என்று அளந்து சோதிப்பார்கள். ஷெல்ரர் வாசலிலும் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவிலும் நிற்கிற காவலாளிக்குத் துவக்கைவிடக் கத்தியும் ஊசியும்தான் கிட்டத்தில் வரும். இரண்டுக்கும் சோதித்த வெஸ்ற்றும் கிடைக்கிறது, விலை கூட. லேபிளில் கத்தி நிலை எழுதியிருக்காவிட்டால் அது கத்திக்கு இல்லை என்றே எடுங்கள்.

லேபிளைப் பற்றிச் சொல்கிறபோது ஒரு பழைய கதை. சைலோன் என்ற நார் ஒருகாலம் பெரிய பெயர் எடுத்தது, மெல்லியது, இலேசானது. 2003 இல் பென்சில்வேனியாவில் ஒரு பொலிஸ்காரர் போட்டிருந்த புது வெஸ்ற்றை குண்டு துளைத்தது. ஆராய்ந்தால், ஈரத்திலும் சூட்டிலும் அந்த நார் இற்றுப்போகிறது. 2005 இல் என்.ஐ.ஜே. அந்த நாரில் செய்தவற்றுக்குக் கொடுத்த ஏற்பை நிறுத்தியது. இதனால்தான் கிஜிஜியில் 'நல்ல கொண்டிஷன்' என்று போட்டிருக்கிற பழைய வெஸ்ற்றை வாங்காதீர்கள் என்கிறேன். கண்ணுக்குப் புதுசாக இருக்கும், உள்ளே என்ன நடந்ததென்று கண்ணுக்குத் தெரியாது. உற்பத்தித் திகதி, மொடல் இலக்கம், தர நிலை, உடம்புப் பக்கம் எது என்ற குறிப்பு, இவ்வளவும் லேபிளில் இருக்கவேண்டும். பெரும்பாலான மென்வெஸ்ற்றுக்கு உத்தரவாதம் ஐந்து வருடம். மொடல் இலக்கத்தை என்.ஐ.ஜே. பட்டியலில் நீங்களே பார்க்கலாம். 'அந்தத் தரத்துக்கு ஏற்றது' என்று விளம்பரத்தில் எழுதியிருப்பதும் பட்டியலில் இருப்பதும் ஒன்றல்ல.

அளவு பிழைத்தால் விலை கூடின வெஸ்ற்றும் வீண். மேல் விளிம்பு கழுத்துக் குழிக்குக் கொஞ்சம் கீழே, கீழ் விளிம்பு இருக்கும்போது பெல்ற்றுக்கு இரண்டு மூன்று விரல் மேலே. நீளம் கூடினால் காரில் இருக்க அது தொண்டைக்கு ஏறும், பிறகு பிள்ளை கழற்றி சீற்றில் போட்டுவிடுவான். மகளுக்கென்றால் பெண்களுக்கு வெட்டின அளவே வேண்டும், ஆண்களுடையது பக்கத்தில் இடைவெளி விடும். உறையை மட்டும் தோயுங்கள். உள் தகட்டை ஈரத்துணியால் துடைத்து, மடிக்காமல், தட்டையாகக் காயவிடவேண்டும். வொஷிங் மெஷினில் போட்ட அம்மாமாரை எனக்குத் தெரியும்.

இன்னொன்று, வெஸ்ற் குண்டை நிறுத்தினாலும் அடியை நிறுத்தாது. சோதனையில் பின்னால் வைத்த களிமண்ணில் 44 மி.மீ. வரை குழி விழலாம் என்பதே அனுமதி. விலா எலும்பு உடையலாம். தலை, கழுத்து, கை, தொடை எல்லாம் திறந்தே இருக்கின்றன.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. காசு யாருடையது என்று கேளுங்கள். பிள்ளைக்கு வேலையில் வெஸ்ற் தேவைப்படுகிறது என்றால், அந்த இடம் ஆபத்தானது என்று முதலாளிக்குத் தெரியும் என்றுதான் அர்த்தம். ஒன்ராறியோவின் தொழில் சுகாதாரப் பாதுகாப்புச் சட்டத்தில் 2010 ஜூன் 15 முதல் வேலையிட வன்முறை பற்றிய பகுதி நடைமுறையில் இருக்கிறது. வன்முறை ஆபத்து எவ்வளவு என்று முதலாளி மதிப்பிடவேண்டும், அதன் முடிவைத் தொழிலாளருக்குத் தெரியப்படுத்தவேண்டும், நியாயமான எல்லா முன்னெச்சரிக்கையும் எடுக்கவேண்டும். வன்முறை ஆபத்து இருக்கிறதென்று பிள்ளை நம்பக் காரணம் இருந்தால் வேலையை மறுக்கவும் உரிமை இருக்கிறது, அதற்காக நிறுத்த முடியாது. தனியாக நிற்கிறானா, ரேடியோ இருக்கிறதா, அழைத்தால் எத்தனை நிமிடத்தில் ஆள் வரும், வெஸ்ற் கொடுப்பீர்களா: இதை சுப்பவைசரிடம் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். எங்கட பிள்ளையளுக்கு இது கஷ்டம். 'வேலை தந்தவரிட்ட வாய் காட்டாதை' என்று சொல்லி வளர்த்தது நாங்கள்தானே.

2012 செப்டெம்பரில் ரொறன்ரோவில் ஒரு பெற்றோல் ஸ்ரேஷன் ஊழியர் இறந்தார். இந்தியாவிலிருந்து குடிவந்தவர், குடும்பஸ்தர். எண்ணெய் அடித்துவிட்டுக் காசு கொடுக்காமல் ஓடினவனை மறிக்கப் போய், அந்த வாகனத்திலேயே அடிபட்டார். போன காசு நூற்றுச் சொச்சம் டொலர். எந்த வெஸ்ற்றும் அவரைக் காப்பாற்றியிராது. களவுபோன எண்ணெய்க் காசைச் சம்பளத்தில் வெட்டுவது சட்டவிரோதம், 2024 இல் மாகாணம் அதை இன்னும் வெளிப்படையாக எழுதிவைத்தது. அந்தப் பயம் இல்லாத ஊழியர் காருக்கு முன்னால் போய் நிற்கத் தேவையில்லை. பிள்ளை காஸ் ஸ்ரேஷனில் வேலை செய்தால் வெஸ்ற்றுக்கு முன்னர் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

வேலைக்கு வெளியே போடுவதைப் பற்றி என் கருத்து: வேண்டாம். 2018 ஜூலை 22 டன்ஃபோர்த்தில் சுடப்பட்டவர்கள் கோடைகால இரவில் நடந்தவர்கள், ஐஸ்கிறீம் சாப்பிட்டவர்கள். அதே வருடம் ஏப்ரல் 23 யங் வீதியில் கொல்லப்பட்டவர்கள் வானால் அடிபட்டவர்கள். இரவு 11 மணிக்கு மார்க்கம் வீதியில் பொலிஸ் ஒரு காரை மறிக்கும்போது, உள்ளே இருக்கிற பிறவுண் பெடியன் வெஸ்ற் போட்டிருந்தால் அந்தச் சந்திப்பு எப்படித் தொடங்கும் என்று உங்களுக்கே தெரியும். அது சட்டப்படி சரியா பிழையா என்பது பிறகுதான் பேசப்படும். வேலைக்குப் போய்வருகிறபோதும் மேல்சட்டையைப் போட்டு மூடச் சொல்லுங்கள், லைசென்ஸ் சட்டைப்பையில் இருக்கட்டும். வேலையில் வெளியே போட்டால் 'செக்யூரிட்டி' என்று எழுதியிருக்கவேண்டும், பொலிஸ் உடுப்புப் போலத் தோன்றக்கூடாது.

சின்னப் பிள்ளையள் உள்ள வீடுகளுக்கு வேறு விளம்பரம் வருகிறது: பள்ளிக்கூடப் பைக்குள் வைக்கிற கவசத் தகடு. அமெரிக்காவில் ஒவ்வொரு ஓகஸ்டிலும் விற்பனை சூடு பிடிக்கும், எங்கட போனுக்கும் வந்து விழும். 'என்.ஐ.ஜே. சான்றிதழ்' என்று போட்டிருந்தால் பொய். உடம்பில் அணியும் கவசத்தைத் தவிர, பைகளையோ போர்வைகளையோ அந்த நிறுவனம் சோதித்துச் சான்று கொடுப்பதில்லை. பெரும்பாலானவை கைத்துப்பாக்கிக்குத்தான். பாடம் நடக்கும்போது பை லொக்கரில் கிடக்கும். ஒன்ராறியோப் பள்ளிகளில் வருடத்துக்குக் குறைந்தது இரண்டு லொக்டவுன் பயிற்சி நடக்கிறது. அன்று பின்னேரம் என்ன செய்தீர்கள் என்று பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். 2007 மே 23 ரொறன்ரோ சி.டபிள்யூ. ஜெஃப்ரிஸ் பள்ளியில் 15 வயசு மாணவன் சுடப்பட்ட பிறகு ஒரு குழு ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது. அது திரும்பத் திரும்பச் சொன்னது, மாணவர்கள் தெரிந்ததைப் பெரியாக்களிடம் சொல்லப் பயந்தார்கள் என்பதை.

அம்மம்மாமார் இந்த வெஸ்ற் கதையைக் கேட்டால் வேறு விதமாகப் பார்ப்பார்கள். அவர்களுக்குக் கவசம் என்றால் வளவுக்குள் வெட்டின பங்கர், மேலே பனங்குற்றி, அதற்கு மேலே மண்மூட்டை. 2009 இல் வன்னியில் சாக்கு முடிந்ததும் சீலையைக் கிழித்து மண்மூட்டை தைத்தார்கள். குடும்பம் முழுக்க ஒரே குழிக்குள். ஒருவர் மட்டும் போட்டுக்கொள்ளும் பாதுகாப்பு அவர்களுக்கு விளங்குவதில்லை, 'அப்ப மற்றாக்கள்?' என்றுதான் கேட்பார்கள்.

பிள்ளைக்கு உண்மையிலேயே தேவை, கொம்பனியும் கொடுக்கவில்லை, வேறு வேலை கிடைக்கும்வரை இதுதான் என்றால் வாங்கிக் கொடுங்கள். கைத்துப்பாக்கிக்கும் கத்திக்கும் சேர்த்துச் சோதித்தது, புதுசு, கடையில் போட்டு அளவு பார்த்து. பில்லை வைத்திருங்கள். காலாவதித் திகதியை கலண்டரில் குறியுங்கள். அந்த நாள் வந்தால் விற்கவோ குப்பையில் எறியவோ கூடாது. செய்த கொம்பனியிடம் திருப்பி எடுப்பார்களா என்று கேளுங்கள், இல்லையென்றால் இனி யாரும் போடமுடியாதபடி வெட்டிவிட்டு எறியுங்கள். கெவ்லரை வெட்ட வீட்டுக் கத்தரிக்கோல் காணாது.