மறதி நோயுற்ற முதியோருக்குப் பயிற்சியும் துணையும்

முதுமையில் மறதி இயல்பானதே என்னும் எண்ணம் நம் நாட்டில் ஆழ வேரூன்றியுள்ளது. கண்ணாடியை வைத்த இடம் மறந்து போவது முதுமையின் இயல்பாக இருக்கலாம். கண்ணாடி எதற்குப் பயன்படுவது என்பதே மறந்து போவது நோயின் அறிகுறியாகும். நினைவு, சிந்தனை, மொழி, அன்றாடச் செயல்திறன் ஆகியவை படிப்படியாகக் குன்றும் இந்நிலையை மருத்துவர்கள் டிமென்ஷியா என்பர். மூளைச் செல்களைத் தாக்கும் அல்சைமர் நோயும் மூளையின் இரத்த ஓட்டக் குறைவும் இதற்குரிய முதன்மையான காரணங்களாகும்.

2023ஆம் ஆண்டில் வெளியான மதிப்பீட்டின்படி, இந்தியாவில் 60 வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், இந்நோய்க்கு ஆளாகியுள்ளனர். ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரங்களைவிடக் கிராமங்களிலும் இது மிகுதி. நோயை முற்றிலும் நீக்கும் மருந்து இல்லை. எனவே, எஞ்சியுள்ள ஆற்றலை எவ்வளவு காலம் காக்க இயலும் என்பதே குடும்பங்களின் முன்னுள்ள கேள்வியாகும். எழுந்து நிற்பது, குளியலறைக்குத் தாமே செல்வது, உண்பது ஆகிய ஆற்றல்கள் ஓராண்டு கூடுதலாக நீடித்தாலும், அது நோயாளிக்கு மானம், கவனிப்பவருக்கு ஓய்வு.

<b>எத்தகைய பயிற்சி?</b>

உடற்பயிற்சி இந்நோயைக் குணப்படுத்தும் என்று கூறுவதற்கில்லை. இங்கிலாந்தில் 494 நோயாளிகளிடம் நடத்தப்பெற்று 2018இல் வெளியான ஆய்வில், கடுமையான பயிற்சி உடல் வலிமையைக் கூட்டியதேயன்றி, அறிவுத்திறன் குன்றுவதைத் தடுக்கவில்லை. பின்லாந்தில் அல்சைமர் நோயுற்ற 210 பேரைக் கொண்டு நடைபெற்ற ஆய்வின் முடிவுகள் 2013இல் வெளியாயின. அங்கே ஒரு பிரிவினருக்குப் பயிற்சியாளர் வாரம் இருமுறை வீட்டிற்கே சென்று, அவரவர் தேவைக்கேற்ற பயிற்சியை ஒரு மணி நேரம் வீதம் ஓராண்டு அளித்தார். அவர்களுடைய உடல் செயல்திறன் குன்றும் வேகம் தணிந்தது. கீழே விழுதலும் குறைந்தது. மருத்துவ, சமூகச் சேவைகளின் மொத்தச் செலவும் கூடவில்லை. பயிற்சியின் கடுமையைவிட, அது ஆளுக்குப் பொருந்துவதே முக்கியம் என்பது இவ்விரு ஆய்வுகளையும் ஒப்பிடும்போது புலனாகின்றது.

<b>சித்தூர், திருப்பதி வட்டாரத்தில்</b>

இக்கருத்தைச் சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் வாழ்க்கையோடு பொருத்திப் பார்க்கலாம். நகரியில் தறியில் உழைத்தவருக்கு நூல் சுற்றுவதும், மாந்தோப்பில் உழைத்தவருக்குத் தோட்டத்தைச் சுற்றி வருவதும், இல்லத்தரசிக்கு முறத்தில் புடைப்பதும் பூத்தொடுப்பதும் கை பழகிய செயல்கள். அண்மை நிகழ்ச்சிகள் மறந்த பின்னரும், நெடுநாள் பழகிய கைவேலை பெரும்பாலும் எஞ்சி நிற்கும். இவற்றுடன், நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தல், சுவரைப் பற்றிக்கொண்டு குதிகாலை உயர்த்துதல், நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒரே வழியில் நடத்தல் ஆகியவற்றைச் சேர்க்கலாம். ஒரு நேரத்தில் ஒரு செயலையே சொல்லி, செய்தும் காட்ட வேண்டும். மாலையில் குழப்பம் மிகுவது பலரிடம் காணப்படுவதால் காலைப் பொழுது ஏற்றது.

எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவதற்குப் பெயர் பெற்ற புத்தூர் இவ்வட்டாரத்திலேயே உள்ளது. எனினும், முறிந்த பின் கட்டுவதைவிட விழாமல் காப்பதே நன்று. ஈரத்தரை, வெளிச்சமற்ற வாயில், தளர்ந்த செருப்பு ஆகியவற்றை முதலில் சரிசெய்ய வேண்டும். மார்பு வலி, மூச்சுத்திணறல், தலைச்சுற்றல் தோன்றினால் பயிற்சியை நிறுத்தி மருத்துவரை நாட வேண்டும்.

மொழியும் கருதத்தக்கது. சித்தூர் மாவட்டம் 1911இல் அமைந்து, 1953 வரை சென்னை மாகாணத்தில் இருந்தது. இப்பகுதியில் தெலுங்கும் தமிழும் கலந்து வழங்குகின்றன. நோய் முற்றும்போது பிற்காலத்தில் கற்ற மொழி நழுவி, தாய்மொழியே துணை நிற்பதுண்டு. ஆகவே, துணைக்கு அமர்பவர் அம்முதியவரின் வீட்டு மொழியைப் பேசுபவராக இருத்தல் நலம்.

<b>துணை யார்?</b>

பெரும்பாலான வீடுகளில் இப்பொறுப்பு மனைவி, மகள், மருமகள் ஆகியோருள் ஒருவர் மீதே விழுகின்றது. கோவாவில் 81 குடும்பங்களிடம் நடத்தப்பெற்று 2008இல் வெளியான ஆய்வு இதற்கு ஒரு வழி காட்டியது. அவ்வூர் மக்களிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்டு ஒரு வாரப் பயிற்சி பெற்றவர்கள் வீடுகளுக்குச் சென்று, நோயைப் பற்றி விளக்கி ஆலோசனை கூறினர். மருத்துவர்கள் பின்னின்று வழிநடத்தினர். இதனால் கவனிப்போரின் மனநலம் மேம்பட்டது.

இத்தகைய அமைப்புக்குத் தேவையான கூறுகள் பல இவ்வட்டாரத்தில் உள்ளன. திருப்பதியில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் நிறுவனம் உள்ளது. நாட்டில் மூப்பியல் ஆய்வு தொடக்க நிலையில் இருந்தபோதே, ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பி. வி. ராமமூர்த்தி இத்துறையை வளர்த்தார். கிராமங்களில் ஆஷா பணியாளர்களும் மகளிர் சுய உதவிக் குழுக்களும் இயங்குகின்றனர். மருத்துவமனை நோயைக் கண்டறிந்து பயிற்சியை வகுக்க, ஆரம்ப சுகாதார நிலையம் மேற்பார்வையிட, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள் வாரம் இருமுறை வீடு சென்று துணையிருக்கலாம். ஆனால், அவர்களுடைய உழைப்புக்கு உரிய ஊதியம் வழங்கப்பட வேண்டும். ஏற்கெனவே பணிச்சுமை மிக்க ஆஷா பணியாளர் மீது மற்றொரு கடமையை ஏற்றுவது தீர்வாகாது.

மறதி தோன்றியவுடன் மருத்துவரைக் காண்பது முதற்படியாகும். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு ஆகியவற்றால் நேரும் மறதியைச் சிகிச்சையால் சீராக்க இயலும். முதியோருக்கான தேசிய உதவி எண் 14567 வாயிலாகவும் வழிகாட்டுதல் பெறலாம்.

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நல்வாழ்வுச் சட்டம் 2007இல் இயற்றப்பட்டது. உணவும் உறைவிடமும் மருத்துவமும் அதனால் உரிமையாயின. ஆனால், நினைவு தளர்ந்த ஒருவரின் கையைப் பற்றிக்கொண்டு முற்றத்தில் நாலடி நடப்பதற்கு ஆள் வேண்டும். அவ்வாளைப் பயிற்றுவித்து அனுப்புவது முதியோர் நலத்திட்டங்களில் இடம்பெற வேண்டிய பணியாகும்.