மீன்தொட்டிக்கும் கவ்வாத்து வேண்டும்

தோட்டத்துப் பீலிக்கரையில் குளித்து வளர்ந்தவர்களுக்குப் பாசியைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கால் வைத்தால் வழுக்கும். தேங்காய் மட்டையால் தேய்த்தால் போகும். வெயிலும் ஈரமும் சேர்ந்தால் சில நாளில் திரும்பிவிடும். பதுளை வீடுகளின் முன்னறையில் செடி நட்ட மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் படும் பாடும் இதுதான். கண்ணாடியைச் சுரண்டுகிறோம், தண்ணீரை மாற்றுகிறோம், கடைக்காரர் கொடுத்த மருந்தை ஊற்றுகிறோம். அடுத்த மாதம் இலையோரத்தில் மறுபடியும் கறுத்த மயிர் முளைத்து நிற்கிறது.

இதற்கான விளக்கம் தேயிலை மலையிலேயே இருக்கிறது. கொழுந்து எடுப்பவர்கள் சில செடிகளின் இலையிலும் மிலாறிலும் செம்மஞ்சளாகத் துருப்பிடித்தது போன்ற புள்ளிகளைப் பார்த்திருப்பார்கள். சிவப்புத் துரு நோய் என்பார்கள். பெயரைக் கேட்டால் பூஞ்சணம் என்றே தோன்றும். ஆனால் அது செபாலியூரசு என்ற பச்சை அல்கா, அதாவது ஒரு வகைப் பாசி. கரட்டுக்கு நிறம் கொடுக்கும் வகைச் சாயம் அதில் இருப்பதால் பச்சை மறைந்து செம்மஞ்சளாகத் தெரிகிறது. கோப்பியை அழித்த துருவை ஆராய 1880இல் இலங்கைக்கு வந்த ஹரி மார்ஷல் வார்ட், இலைமேல் வாழும் இந்த வகை அல்காவையும் நுணுக்குக்காட்டியில் பார்த்து 1884இல் விரிவாக எழுதினார்.

இந்த அல்கா திடமான செடியை அவ்வளவாக அண்டுவதில்லை. பொட்டாசியம் குறைந்த மண், நீர் வடியாத இடம், நிழல் மரம் இல்லாத வெட்டவெளி, இவற்றில் நலிந்து நிற்கும் செடியில்தான் ஏறுகிறது. செம்பு மருந்து அடித்தால் அடங்கும். மண்ணையும் நிழலையும் சரிசெய்யாவிட்டால் திரும்பவும் வரும்.

இதை அப்படியே தொட்டிக்குள் கொண்டு வாருங்கள். பாசிக்கும் செடிக்கும் தேவை ஒன்றுதான்: ஒளி, காபனீரொட்சைட்டு, நைத்திரேற்று, பொசுபேற்று. செடி வேகமாக வளர்ந்தால் உணவை அதுவே எடுத்துக்கொள்ளும். ஒளி மட்டும் கூடி மற்றவை குறைந்தால் செடி தேங்கி நிற்கும், அழுகும் பழைய இலையிலிருந்து அமோனியா கசியும், பாசிக்கு விருந்தாகிவிடும். நம் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் இதுதான். வருவோர் பார்க்கட்டும் என்று காலையிலிருந்து இரவு வரை விளக்கு எரிகிறது. கச்சான் வீசும் மாதங்களில் யன்னல் வெயிலும் நேராக விழுகிறது. முதலில் தொட்டியை யன்னலைவிட்டு நகர்த்தி, விளக்கை நாளுக்கு ஆறு மணி நேரத்தோடு நிறுத்துங்கள். மலைக்கு நிழல் மரம் எப்படியோ, தொட்டிக்கு இது அப்படி. தண்ணீர் எடுக்கும் இடத்தையும் கவனியுங்கள். மலைக்கு உரம் போட்ட வாரத்தில் மழை பெய்தால், அந்த உரத்தில் ஒரு பங்கு ஓடைத் தண்ணீரோடு உங்கள் வாளிக்கும் வரும்.

அடுத்தது கவ்வாத்து. பாசி ஏறிய பழைய இலை திரும்பத் தெளியாது, அடியோடு வெட்டி எடுத்துவிடுங்கள். கிரிப்டோகொரைன் செடிகளில் பயப்படாமல் செய்யலாம். உலகமெங்கும் தொட்டிகளில் வளரும் வென்டி, பெக்கெட்டி, பார்வா ஆகிய இனங்களுக்கு இலங்கைதான் தாய்வீடு. தமிழ்நாட்டு நாட்டுமருந்துக் கடைகளில் நாட்டு அதிவிடயம் என்று விற்கும் கிழங்கும் இதே பேரினத்துச் செடியுடையது. இடம் மாற்றினால் கிரிப்டோகொரைன் இலைகள் சில நாளில் கரைந்துபோகும். செத்துவிட்டதென்று பிடுங்கி எறிபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வேதனையாக இருக்கும். வேர் உயிரோடிருக்கும், சில வாரங்களில் புதுத் துளிர் வரும்.

எல்லாப் பாசியும் ஒன்றல்ல. வழுவழுப்பான போர்வைபோல் மணலை மூடி, சேற்று வாடை அடிக்கும் நீலப்பச்சைப் படலம் உண்மையில் பற்றீரியா. அதைக் குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு, தொட்டியைக் கம்பளியால் மூன்று நான்கு நாள் மூடுங்கள். காற்றுக் குழாய் ஓடிக்கொண்டிருக்கட்டும். திறந்ததும் பாதித் தண்ணீரை மாற்றுங்கள்.

மிகப் பிடிவாதமானது கறுந்தாடிப் பாசி. விரலால் இழுத்தால் இலை கிழியும், பாசி வராது. மரக்கட்டையிலும் கல்லிலும் பிடித்துவிட்டால் வெட்டவும் முடியாது. அதற்கு, பாமசியில் புண் கழுவ விற்கும் 3 சதவீத ஐதரசன் பேரொட்சைட்டு போதும். ஐம்பது லீற்றர் தொட்டிக்கு 10 மில்லிலீற்றருக்கு மேல் வேண்டாம். பம்பை நிறுத்தி, ஊசியில்லாத சிரிஞ்சை நீருக்குள் கொண்டுபோய்த் தாடியின் மேலேயே மெதுவாகப் பாய்ச்சுங்கள். சின்னச் சின்னக் குமிழிகள் மயிர்களில் ஒட்டி மினுங்கும். பத்து நிமிடம் கழித்துப் பம்பைப் போடலாம். மோஸ் போன்ற மென்மையான செடிகளின் மேல் இது படக்கூடாது. செம்பு மருந்தைத் தொட்டிக்குள் விடவே வேண்டாம், இறால்கள் செத்துப்போகும்.

பாசி தின்னட்டும் என்று டேங்க் கிளீனர் மீன் வாங்குவோருக்கு ஒரு வேண்டுகோள். அது ஓரடிக்கு மேல் வளரும், இடம் போதாது. அதற்காகப் பதுளு ஓயாவில் விட்டுவிடாதீர்கள். இலங்கையின் நீர்நிலைகளில் ஏற்கனவே பரவிவிட்ட அந்நிய மீன் அது. நம் மலையாறுகளில் கல்லில் வாயை ஒட்டிப் பாசி மேயும் காரா போன்ற சொந்த மீன்களின் உணவில்தான் அது கைவைக்கும். சிறு தொட்டிக்கு இறால் போதும். ஜப்பானிய நீர்த்தோட்டக் கலைஞர் தக்காஷி அமானோ 1980களில் பாசிக்கென்றே இறாலை வளர்த்துக் காட்டினார். அந்த இனம் இன்று அவர் பெயராலேயே விற்கிறது.

பேரொட்சைட்டு பாய்ச்சிய இரண்டு மூன்று நாளில் கறுந்தாடி இளஞ்சிவப்பாகும். அது உண்மையில் செம்பாசி இனம். பச்சையம் சிதைந்ததும் உள்ளிருந்த சிவப்பு வெளியே தெரிகிறது. பாசி உயிரோடிருந்தபோது அதைத் தொடாத இறால்கள் அப்போது கட்டைமேல் ஏறி, கைகளால் மாறி மாறிப் பிய்த்துத் தின்னத் தொடங்கும்.