டெட்ராஎத்தில் ஆர்த்தோசிலிக்கேட்: பண்புகளும் பயன்களும்

முன்னுரை

சிதைந்துவரும் கல்லினுள் சிலிக்காவை ஊடுருவச் செய்து அதற்கு வலுவூட்ட இயலுமா என்னும் வினாவிற்கு விடையாக அமைந்தது டெட்ராஎத்தில் ஆர்த்தோசிலிக்கேட். இலண்டன் நாடாளுமன்றக் கட்டடத்தின் கற்களைக் காக்க இத்தகைய சிலிக்கேட் எசுத்தரைப் பயன்படுத்தலாம் என வேதியியலறிஞர் ஆகஸ்ட் வில்லெம் ஹோஃப்மன் 1861ஆம் ஆண்டிலேயே கருத்துரைத்தார். இச்சேர்மத்தின் பண்புகளையும் பயன்களையும் எல்லைகளையும் இக்கட்டுரை விளக்குகின்றது.

அமைப்பும் பண்புகளும்

இதன் மூலக்கூறில் ஒரு சிலிக்கன் அணுவை நான்கு எத்தாக்சி தொகுதிகள் நான்முகி வடிவில் சூழ்ந்துள்ளன. சிலிக்கனும் கார்பனும் நேரடியாகப் பிணைந்திராமையால், கண்டிப்பான வரையறையின்படி இது கரிமச் சிலிக்கன் சேர்மம் ஆகாது. எனினும் அவ்வகையோடு சேர்த்தே பேசப்படுகின்றது. இது நிறமற்ற, எளிதில் பாயும் நீர்மம். கொதிநிலை ஏறத்தாழ 168 பாகை செல்சியசு. தீப்பற்றும் தன்மையுடையது, இதன் ஆவி கண்களை உறுத்தும்.

நீருடன் வினைபுரிகையில் எத்தாக்சி தொகுதிகள் எத்தனாலாகப் பிரிகின்றன. எஞ்சும் மூலக்கூறுகள் ஆக்சிசன் வழியே ஒன்றோடொன்று பிணைந்து சிலிக்கா வலையமைப்பாகின்றன. அமிலமோ காரமோ இவ்வினையை விரைவுபடுத்தும். 100 கிராம் சேர்மத்திலிருந்து ஏறத்தாழ 29 கிராம் சிலிக்காவே கிடைக்கும். எத்தனால் ஆவியாகி வெளியேறுவதால் உருவாகும் களி சுருங்கி வெடிப்புறுவதும் உண்டு.

பயன்கள்

குறைகடத்தித் தொழிலில், ஏறத்தாழ 700 பாகை வெப்பத்தில் இதன் ஆவியைச் சிதைத்துச் சிலிக்காவை மின்காப்புப் படலமாகப் படியவைக்கின்றனர். அம்மோனியாவை வினையூக்கியாகக் கொண்டு ஒரே அளவிலான நுண் சிலிக்காக் கோளங்களை உருவாக்கும் முறையை இசுட்டோபர் குழுவினர் 1968இல் வெளியிட்டனர்.

கற்பாதுகாப்பில் இதன் வெற்றி கல்லின் இயல்பைப் பொறுத்தது. மணற்கல்லிலுள்ள குவார்ட்சுத் துகள்களின் மேற்பரப்பில் ஐதராக்சில் தொகுதிகள் உள்ளன. புதிய சிலிக்கா அவற்றோடு வலுவாகப் பிணைகின்றது. சுண்ணாம்புக்கல்லிலும் சலவைக்கல்லிலும் உள்ள கால்சைட்டில் அத்தகைய பிணைப்பு ஏற்படுவதில்லை. ஆதலால் அங்குப் பயன் குறைவு. ஹோஃப்மன் கருதிய நாடாளுமன்றக் கட்டடமோ மக்னீசியச் சுண்ணாம்புக்கல்லால் ஆனது என்பது இங்குக் கருதத்தக்கது.

முடிவுரை

கல்லினுள் ஒருமுறை படிந்த சிலிக்காவைக் கல்லுக்கு ஊறின்றி அகற்ற இயலாது. தவறாகத் தேர்ந்த மருந்து தொன்மைச் சின்னத்திலேயே நிலைத்துவிடும். எனவே கல்லின் கனிம இயைபை அறிந்து, மாதிரியில் சோதித்த பின்னரே இதனைப் பயன்படுத்துதல் வேண்டும்.