மூன்று கொக்கிகள்

மே மாத வெயிலில் சரக்கொன்றை மஞ்சள் சரமாகத் தொங்கும்போது ஒரு பூவைப் பறித்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். ஐந்து இதழ்களுக்கு நடுவே பத்து மகரந்தத்தாள்கள் இருக்கும். பூவின் ஆண் உறுப்புகள் இவைதாம். பத்தும் ஒரே அளவில் இல்லை. மூன்று மட்டும் நீண்டு, தாழ்ந்து, மறுபடி மேல்நோக்கிக் கொக்கியாக வளைந்திருக்கும். நான்கு குட்டை. மிச்சம் மூன்றும் பேருக்குத்தான்.

இந்தப் பூவில் தேன் கிடையாது. வருகிற கருவண்டுக்கு மகரந்தம்தான் கூலி, அதுவும் உழைத்தால்தான். குட்டைத் தாள்களின் மகரந்தப்பைகள் நுண்ணிய துளை வழியாக மட்டுமே திறக்கும். வண்டு அவற்றை இறுகப் பற்றிக்கொண்டு, பறப்பதற்கான தசைகளை அதிரவிடும். ரீங்காரம் நம் காதுக்கே கேட்கும். பவுடர் டப்பாவை உதறியதுபோல மகரந்தம் கொட்டும். வண்டு இப்படித் தன் குஞ்சுகளுக்குச் சாப்பாடு சேர்த்துக்கொண்டிருக்கையில், நீண்ட கொக்கிகள் சத்தமில்லாமல் அதன் உடம்பில் வேறோர் இடத்தில் மகரந்தத்தைப் பூசிவிடும். அடுத்த பூவின் பெண் உறுப்பான சூல்முடியில் படுவது அதுதான். விருந்துக்குச் சில தாள்கள், வம்சத்துக்குச் சில! இந்த வேலைப் பிரிவினையை 1880-களில் விளக்கியவர்கள் ஜெர்மன் சகோதரர்களான பிரிட்ஸ் முல்லரும் ஹெர்மன் முல்லரும்.

அந்தக் கொக்கிகளுக்கு இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது. 1753-இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 'கேசியா' என்ற பேரினத்துக்கு, அதாவது நெருங்கிய இனங்களின் தொகுதிக்கு, இலக்கணம் வகுத்தார். பிறகு வந்தவர்கள் மஞ்சள் பூ, நீண்ட காய் என்று கண்டதையெல்லாம் அதற்குள் திணிக்க, அது 500-க்கும் மேற்பட்ட இனங்களாக வீங்கியது. 1982-இல் நியூயார்க் தாவரவியல் பூங்காவின் ஹோவர்ட் இர்வினும் ரூபர்ட் பார்னபியும் அதை மூன்றாகப் பிரித்தார்கள். மூன்று தாள்கள் கொக்கியாக வளைந்து, அவற்றின் காம்பு மகரந்தப்பையைவிட இரு மடங்காவது நீண்டிருந்தால்தான் கேசியா. தேறியவை சரக்கொன்றை உட்பட சுமார் 30 இனங்கள்தாம். ஆவாரை, தகரை, சீமை அகத்தி எல்லாம் 'சென்னா'வுக்குப் போயின. கருங்கானம் 'கமீகிரிஸ்டா'வில் சேர்ந்தது. வேர் முடிச்சுகளில் பாக்டீரியாவைக் குடிவைத்துக் காற்றின் நைட்ரஜனைப் பிடிக்கும் வித்தை இந்த மூன்றாம் பிரிவுக்கே கைவந்தது. கொன்றை பயறுக் குடும்பத்தில் பிறந்தும் அதைக் கற்கவில்லை.

கேசியாவில் எல்லாமே மஞ்சளும் அல்ல. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வளரும் செங்கொன்றை சிவந்து பூக்கும். சரக்கொன்றையையும் ஜாவாவின் இளஞ்சிவப்புக் கொன்றையையும் கலந்து பிறந்த வானவில் கொன்றை ஹவாய் மாநிலத்தின் ஹொனலுலு நகரத்துக்கே அடையாள மரம்.

காயையும் உடைத்துப் பார்க்க வேண்டும். இரண்டடி வரை நீளும் அந்தக் கறுப்புக் குழல் முற்றினாலும் வெடிக்காது. உள்ளே குறுக்குத் தடுப்புகள், அறைக்கு ஒரு விதை, சுற்றிலும் இனிப்பான கறுப்புச் சதை. நரியும் குரங்கும் கரடியும் சதைக்காகத் தின்று விதையைத் தூரத்தில் போட்டுவிடும். மலமிளக்கியாக நாட்டு மருந்துக்கடையில் விற்பதும் இதே சதைதான்.

பேரில் கொன்றை இருப்பதெல்லாம் கேசியா அல்ல. முதுமலைக் காட்டிலும் சத்தியமங்கலம் காட்டிலும் வனத்துறை வெட்டி அகற்றிவரும் 'மஞ்சள் கொன்றை' மத்திய, தென் அமெரிக்காவிலிருந்து வந்த சென்னா. அதன் பூங்கொத்து தொங்காது, கிளை நுனியில் நிமிர்ந்து நிற்கும். பேரில் கொன்றை இருக்கிறதே என்று உங்கள் தெருச் சரக்கொன்றைமேல் யாராவது அரிவாளை ஓங்கினால், பூவில் மூன்று கொக்கிகளைக் காட்டித் தடுத்துவிடுங்கள்.