கடற்பசு தன் கன்றை வளர்க்கும் விதம்

அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் அடையாள விலங்காக விளங்கும் கடற்பசுவை மீன் இனம் என்று எண்ணுவோர் இன்றும் உளர். பாக் நீரிணைப் பகுதி மீனவர் இதனை ஆவுளியா என்பர். இது நுரையீரலால் சுவாசித்து, கன்று ஈன்று, பாலூட்டி வளர்க்கும் பிராணியாகும். யானை இதற்கு நெருங்கிய உறவு. யானைக்கு முன்னங்கால்களின் இடையே மடி அமைந்திருப்பது போலவே, கடற்பசுவுக்கும் துடுப்புகளின் அடியில், அக்குள் பகுதியில் காம்புகள் அமைந்துள்ளன. வகுப்பில் கடற்கன்னிக் கதையைக் கூறுவதினும் இவ்வொற்றுமையை விளக்குவதே மாணவர்க்குப் பயன் தரும்.

கர்ப்ப காலம் 13 முதல் 15 மாதங்கள் வரை ஆகும். பெரும்பாலும் ஒரே கன்றுதான் பிறக்கும். அதன் நீளம் ஒரு மீட்டருக்குச் சற்று மிகும். எடை 20 முதல் 35 கிலோகிராம். கன்று தாயின் பக்கவாட்டில் அணைந்து, துடுப்பின் பின்புறமாக வாய் வைத்து நீருக்குள்ளேயே பால் அருந்துகிறது. மூச்சு வாங்க அடிக்கடி மேலே வருகிறது. நீந்தும்போது பெரும்பாலும் தாயின் முதுகுக்கு மேலாகவே செல்லும். பிறந்த சில வாரங்களிலேயே கடற்புல்லைக் கடிக்கத் தொடங்கினும், சுமார் 18 மாதங்கள் வரை பால்குடி மறப்பதில்லை. உருவில் பன்மடங்கு பெரிய நீலத்திமிங்கிலத்தின் கன்றோ கொழுப்பு மிகுந்த பாலை உண்டு ஏறத்தாழ 7 மாதங்களிலேயே பால் மறந்துவிடுகிறது.

ஒரு கன்றுக்கும் அடுத்த கன்றுக்கும் இடையே 3 முதல் 7 ஆண்டுகள் கழிகின்றன. கடற்புல் குன்றினால் இவ்விடைவெளி மேலும் நீளும். பெண் கடற்பசு முதற்கன்று ஈனுவதற்கே குறைந்தது 6 வயதாகிறது. சிலவற்றுக்கு 17 வயதும் ஆவதுண்டு. ஆகவே எல்லாச் சூழ்நிலையும் சாதகமாக அமைந்தபோதிலும் ஒரு கூட்டம் ஆண்டுக்குச் சுமார் 5 சதவீதத்திற்கு மேல் பெருக இயலாது. எண்ணிக்கையில் மிகக் குறைந்துள்ள அந்தமான் கடலில், செவுள்வலையில் சிக்கி மூச்சு முட்டி இறக்கும் ஒரு தாயின் இழப்பை ஈடுசெய்யப் பல ஆண்டுகள் வேண்டும். பால் மறவாத கன்றும் அதனுடன் மடிய நேரும்.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இப்பிராணி இடம்பெற்றுள்ளது. 2018-இல் சுவராஜ் தீவு, சாகித் தீவு எனப் பெயர் மாற்றப்பெற்ற ஹேவ்லாக், நீல் தீவுகளை அடுத்த ஆழமற்ற புல்வெளிகளில் படகோட்டுவோர் வேகத்தைக் குறைத்தல் அவசியம். தாயும் கன்றும் சேர்ந்து தென்படின், கள ஊழியர் தொலைவிலிருந்தே நாள், நேரம், இடம், நீரின் ஆழம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். இரண்டுக்கும் இடையே படகைச் செலுத்தலாகாது.