அழுத்தும் முன் வாசியுங்கள்

ஹற்றன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கொமினிகேஷன் கடை. அன்று மாலைக்குள் அனுப்பவேண்டிய ஒப்படையை லப்டொப்பில் திறக்கிறாள் ஒரு தோட்டத்து மாணவி. எழுத்துகள் தெரிகின்றன, ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற முடியவில்லை. லப்டொப்போடு வந்த எழுத்து மென்பொருளின் சோதனைப் பதிப்பு காலாவதியாகிவிட்டது. கொழுந்து பறித்துச் சேர்த்த அம்மாவின் சம்பளத்தில் வாங்கிய லப்டொப் அது. "வாங்கும்போது எல்லாம் இருந்ததே, அண்ணா" என்கிறாள் கடைக்காரரிடம்.

இருந்தது உண்மைதான். நாள் கணக்கோடு இருந்தது. முதல் நாள் "ஒப்புக்கொள்கிறேன்" என்று அழுத்தினாளே, அந்தப் பத்திரத்தில் அது எழுதியிருந்தது.

பாவித்துப் பார், பிடித்தால் பணம் கொடு என்ற வழக்கம் 1982இல் அமெரிக்காவில் ஜிம் நாப், அன்ட்ரூ ஃபுளூகல்மன் போன்ற மென்பொருள் ஆக்குநர்கள் நம்பிக்கையின் பேரில் தொடங்கியது. இன்று ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு நிபந்தனை. நம் கடைகளில் பரவலாகக் காணும், கோப்புகளைச் சுருக்கும் வின்ரார் மென்பொருள் 40 நாள் சோதனைக்குத்தான் தரப்படுகிறது. அதன் பிறகும் அது ஓடும். ஆனால் ஓடுவதால் இலவசமாகிவிடாது. வாங்கவேண்டும் அல்லது நீக்கவேண்டும் என்பதே ஒப்பந்தம். விண்டோஸ் என்டர்பிரைஸ் சோதனைப் பதிப்புக்கு 90 நாள். அது முடிந்தால் மணிக்கொரு தடவை கணினி தானாக நின்றுவிடும்.

திரையில் அழுத்தியதுதானே என்று அலட்சியப்படுத்த முடியாது. இலத்திரனியல் வடிவில் இருப்பதால் மட்டும் ஓர் ஒப்பந்தம் செல்லாததாகாது என்கிறது இலங்கையின் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களுக்கும் பாதுகாப்புத் தருகிறது. களவுப் பிரதியை வைத்துத் தொழில் நடத்துவது குற்றம்.

வாசிக்க முடியாத காகிதம் என்ன செய்யும் என்பது மலையகத்துக்குத் தெரியும். தொழிலாளர்களின் கடனை எழுதிய "துண்டு" கைமாறியபோது, அவர்களின் உழைப்பும் தோட்டம் விட்டுத் தோட்டம் கைமாறியது. அந்த முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிந்தது. அந்தக் கொடுமையோடு மென்பொருள் ஒப்பந்தத்தை ஒப்பிடவில்லை. அன்று நம்மவர்களுக்கு வாசிக்க வழியிருக்கவில்லை. இன்று நமக்கு இருக்கிறது. அதனால்தான் வாசிக்காமல் விடுவது வலிக்கிறது.

முழுப் பத்திரத்தையும் வாசிக்க நேரமில்லையா? மூன்றை மட்டும் தேடுங்கள். எத்தனை நாள்? படிப்புக்கு மட்டுமா, தொழிலுக்கும் பாவிக்கலாமா? வங்கி அட்டை இலக்கம் கேட்டால், சோதனைக் காலம் முடிந்ததும் பணம் தானாகக் கழியுமா? ஆங்கிலம் புரியாவிட்டால் ஆசிரியரிடமோ, படித்த அக்கா அண்ணனிடமோ கேளுங்கள்.

கட்டுரை எழுதவும் கணக்குப் போடவும் மட்டும்தான் தேவையென்றால் லிப்ரே ஒஃபிஸ் மென்பொருள் போதும். அதற்கு நாள் கணக்கு இல்லை, கட்டணமும் இல்லை, தமிழிலும் கிடைக்கிறது. பிள்ளைக்கு லப்டொப் வாங்கும் அன்றே அதைப் போட்டுக்கொடுங்கள்.